டில்லியில் நிலைத்தவை

செல்வமும் இளமையும் உடம்பும் நிலையாதவை என்பதை நீதி நூல்களின் வாயிலாகச் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்துவிடுகிற நாம், பாழடைந்த இராஜதானி ஒன்றைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது, அங்கே எதைக் காணப் போகிறோம் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே நிச்சயம் செய்துகொண்டுதான் போகிறோம். இடிந்த மதிலைக் கண்டதும் ஒரு பெருமூச்சு வருகிறது. அதைக் கட்டிய அரசனின் பெயரையும் அவன் மாண்ட ஆண்டையும் வழிகாட்டி சொல்லக் கேட்டதும் எல்லாம் அநித்தியம் என்று தலையசைத்துவிட்டு அடுத்த இடத்துக்கு வண்டியேறிவிடுகிறோம். ஒன்றன் இடிபாட்டின்மேல் மற்றொன்றாக ஏழு நகரங்கள் எழுந்து மறைந்த இடம் என்று சொல்லப்படுகிற டில்லி, இந்தப் பெருமூச்சுக்கென்றே படைக்கப்பட்டது போலத் தோற்றமளிக்கிறது. நிலையாமையைப் பொய்யென்று சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. அதை ஒரு திணையாகவே வகுத்த மரபில் வந்தவன் நான். ஆயினும் டில்லியின் புகழ்பெற்ற கட்டடங்களைப் பார்த்ததோடு நில்லாமல், அவற்றைச் சூழ்ந்தும் அவற்றின் பின்னால் ஒதுங்கியும் கிடக்கிற தோட்டங்களையும் தர்காக்களையும் பொறுமையாகச் சுற்றி வருகிறவனுக்கு, அழிந்தவை ஏன் அழிந்தன என்பதைவிட, அழியாமல் இருப்பவை எதனால் இருக்கின்றன என்ற கேள்வியே மேலோங்கி எழும் என்பது என் அனுபவம். அது சமயத்தையும் தத்துவத்தையும் சார்ந்த கேள்வி; ஆதலால் சற்று விரிவாக விசாரிக்கத் தக்கது.

எல்லாரும் முதலில் பார்க்கிற குதுப் மினாரிலிருந்தே தொடங்கலாம். 72 மீட்டருக்கு மேல் உயர்ந்து, செந்நிறக் கல்லில் அரபு எழுத்துக்கள் பட்டை பட்டையாகச் சுற்றிவர நிற்கும் அந்தக் கோபுரத்தின் கம்பீரத்தில் மயங்கி, அது கட்டி முடித்த நாள்முதல் தானே நின்றுவருகிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை அப்படியன்று. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் குத்புதீன் ஐபக் தொடங்கியதை அவன் மருமகன் இல்துத்மிஷ் மேலெழுப்பினான். இடி விழுந்து உச்சி சிதைந்தபோது பிரோஸ் ஷா துக்ளக் பழுது பார்த்தான். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிக்கந்தர் லோடி மறுபடியும் செப்பனிட்டான். 1803-இல் பூகம்பத்தால் உச்சி மண்டபம் விழ, 1828-இல் ஸ்மித் என்ற ஆங்கிலேய மேஜர் தம் ரசனைக்கேற்ற ஒரு குடை மண்டபத்தைத் தூக்கி மேலே வைத்தார். அது பொருந்தவில்லை என்று 1848-இல் இறக்கப்பட்டு, இன்று கீழே புல்வெளியில் நிற்கிறது. சற்றுத் தொலைவில் அலாவுதீன் கில்ஜி இதைப்போல் இரு மடங்கு உயரமாக எழுப்ப எண்ணிய மற்றொரு மினார், 1316-இல் அவன் இறந்தபின் ஏறெடுத்துப் பார்ப்பாரின்றி, முதல் நிலையோடு நின்றுபோன கற்குவியலாகக் கிடக்கிறது. இரண்டும் ஒரே மண்ணில், ஒரே வெயிலில் எழுந்தவை. ஒன்றுக்குப் பின்வந்த கைகள் வாய்த்தன, மற்றதற்கு வாய்க்கவில்லை.

இந்த வாதத்தை முறியடிப்பதற்கென்றே நிற்பது போல, அதே வளாகத்தின் மசூதி முற்றத்தில் இரும்புத் தூண் நிற்கிறது. இருபத்தேழு கோயில்களின் தூண்களையும் கற்களையும் கொண்டு எழுப்பப்பட்டதாகத் தன் வாயில் சாசனமே கூறும் அந்த மசூதியில், மணியும் சங்கிலியும் செதுக்கிய தூண்கள் முகம் சிதைந்த உருவங்களோடு வேறொரு கூரையைத் தாங்கி நிற்பதைக் காணும்போது நெஞ்சு கனக்காமல் இராது. நடுவே, ஏழு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரமும் ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடையும் உள்ள அந்தத் தூண், குப்தர் காலத்தில் சந்திரன் என்ற அரசன் விஷ்ணுவின் கொடிமரமாக ஒரு மலையில் நாட்டியது என்று அதன் சமஸ்கிருத சாசனம் சொல்லுகிறது. அந்த மலையிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டு, கோயிலை இழந்து, கொடியை இழந்து, பூஜையை இழந்து, ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் துருவேறி மடியாமல் நிற்கிறது. யாருடைய பணிவிடையும் இன்றி ஒன்று நிலைத்திருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று ஒருவர் கேட்கலாம்.

உலோக சாஸ்திரிகள் இதற்குச் சொல்லும் காரணம் எந்த தத்துவ நூலிலும் இடம்பெறத் தக்கது. அக்காலத்துக் கொல்லர்கள் கரியை இட்டு உருக்கிய அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாகத் தங்கிவிட்டது. காற்றின் ஈரம் பட்டு முதலில் படிந்த துருவே, அந்தப் பாஸ்பரஸோடு கூடி, மெல்லிய படலமாக மாறி, உள்ளேயிருக்கும் இரும்பைக் காத்து நிற்கிறது. அழிவின் ஆரம்பமே காவலாக அமைந்துவிட்டது என்று சொல்லலாம். ஆக அந்தத் தூணும் மாறாமல் நிற்கவில்லை. பனியும் வெயிலும் மாறி மாறிப் படுகிற ஒவ்வொரு பருவத்திலும் அந்தப் படலத்தைத் தன் மேனியில் வளர்த்துக்கொண்டே நிற்கிறது. முதுகைச் சாய்த்துப் பின்புறமாகக் கைகளைக் கோத்துத் தூணை அணைத்தவர்களுக்கு நினைத்தது கைகூடும் என்ற நம்பிக்கையால் தலைமுறை தலைமுறையாக மக்கள் அதைத் தழுவித் தழுவி, அந்தப் பகுதியில் மட்டும் படலம் தேய்ந்து பளபளப்பேறிவிட்டது. 1997-இல் சுற்றிலும் வேலியிட வேண்டியதாயிற்று. அன்பு செலுத்துவதிலும் முறை தெரிய வேண்டும் என்பதை நம் அர்ச்சகர்கள் கர்ப்பக்கிருகத்து வாயிலில் நின்று நமக்கு நினைவூட்டுவதில்லையா? தொடாமல் இருப்பதும் சில இடங்களில் கைங்கரியமே.

தூணைப் பற்றிய பேச்சில் பிரோஸ் ஷா கோட்லாவை விட்டுவிட முடியாது. பயணிகளின் ஜாபிதாவில் அரிதாகவே இடம்பெறும் அந்தப் பாழடைந்த கோட்டையில், மூன்றடுக்காகக் குறுகி உயரும் ஒரு கட்டடத்தின் உச்சியில் அசோகரின் ஸ்தம்பம் ஒன்று நிற்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் நடுவில், தோப்ரா என்ற சிற்றூரில் இதைக் கண்ட பிரோஸ் ஷா, பஞ்சின்மேல் மெல்லச் சாய்த்து, நாணலும் தோலும் சுற்றி, 42 சக்கரங்கள் பூட்டிய வண்டியில் ஏற்றி, யமுனையில் படகுகளின்மேல் மிதக்கவிட்டுத் தன் புதிய நகருக்குக் கொண்டுவந்தான். அதன்மேல் பொறித்திருந்த எழுத்தை வாசிக்கப் பண்டிதர்களை அழைத்தான், ஒருவராலும் முடியவில்லை. 1837-இல் ஜேம்ஸ் பிரின்ஸெப் பிராமி எழுத்தின் இரகசியத்தை அவிழ்க்கும் வரையில், நூற்றாண்டுக்கணக்காக அந்தத் தூண் பேச்சிழந்து நின்றது. கல் இருந்தது, கல்லில் சொன்னது இல்லை. வாசிக்கிற கண்ணின் பரம்பரை ஒருமுறை அறுந்துபோனால், சாசனம் கேவலம் கோடுகளாகிவிடுகிறது. கல்லின் நிரந்தரத்தை நம்பி எழுதினவருக்கு இதைவிடக் கடுமையான பதில் காலத்திடமிருந்து வந்திருக்க முடியாது.

அந்தச் சாசனத்தின் விஷயமோ மேலும் ஆச்சரியமானது. அசோகரின் தூண் சாசனங்களுள் ஏழாவது, வேறெங்கும் காணப்படாமல் இந்த ஒரு தூணில் மட்டுமே உள்ளது. மனிதருக்கும் மிருகங்களுக்கும் நிழல் தருவதற்காகப் பாதையோரங்களில் ஆலமரங்களை வைத்ததையும், மாந்தோப்புகளை உண்டாக்கியதையும், கிணறுகள் வெட்டித் தங்கும் இடங்கள் அமைத்ததையும் அதில் அவர் எடுத்துச் சொல்லுகிறார். உடனேயே, இத்தகைய சுகங்கள் அற்பமே என்றும், முன்னிருந்த அரசர்களும் இவற்றைச் செய்தவர்களே என்றும், ஜனங்கள் தர்மத்தில் ஒழுகவேண்டும் என்பதே தம் நோக்கம் என்றும் தாமே அதை மட்டுப்படுத்தவும் செய்கிறார். தர்மம் வளருவதற்கு ஆக்ஞை ஒரு வழி, மனத்தில் பதியச் செய்து இணங்க வைப்பது மற்றொரு வழி என்று பிரித்து, முன்னதைவிடப் பின்னதே பெரிது என்று தீர்ப்பும் வழங்குகிறார். சக்கரவர்த்தி வைத்த அந்த ஆலமரங்களில் ஒன்றையேனும் இன்று யாராலும் சுட்டிக்காட்ட இயலாது. ஆனால் புதுடில்லி எழுந்தபோது மஸ்டோ என்ற தோட்டக்கலை நிபுணரின் மேற்பார்வையில் சாலைகள்தோறும் நாவலும் வேம்பும் மருதும் புளியும் வரிசை வரிசையாக நடப்பட்டன. அவற்றின் நிழலில்தான் இன்றைய டில்லிவாசி கோடைக்காலத்தில் நடக்கிறான். நட்ட காலத்தில் அசோகரை யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். நிழல் தருவது என்ற காரியம் மட்டும், பெயர் அறியாமலே, தொடர்ந்திருக்கிறது.

இவ்விடத்தில் நம் தத்துவ சம்பிரதாயங்களைச் சற்றுத் துணைக்கு அழைப்பது பொருந்தும். எல்லாம் கணந்தோறும் தோன்றி மறைவன என்ற பௌத்தர், மாறுகிற பொருள் எப்படி ஒன்றாக இருக்கிறது என்ற கேள்விக்கு, இரவெல்லாம் எரிகிற விளக்கைக் காட்டினர்: முதல் ஜாமத்துச் சுடரும் கடை ஜாமத்துச் சுடரும் ஒன்றுமல்ல, வேறுமல்ல என்று நாகசேனர் மிலிந்த மன்னனுக்கு உரைத்தார். அந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றியவர் யார் என்று அவர்கள் விவாதத்தில் யாரும் கேட்கவில்லை. என் மனம் எப்போதும் அந்த எண்ணெயின்மேலேயே போகிறது. மீமாம்சகர்கள் இதை வேறு கோணத்தில் அணுகினார்கள். நாள்தோறும் செய்ய வேண்டிய கர்மத்தைச் செய்வதால் தனிப் பலன் ஒன்றும் இல்லை, செய்யாமல் விட்டால் தோஷம் உண்டு என்பது அவர்களுடைய சித்தாந்தங்களுள் ஒன்று. இளைஞனாக இருந்தபோது இது எனக்கு வறட்டு விதியாகவே பட்டது. தோட்டக்காரர் ஒருவரின் உழைப்பை நாள்தோறும் கவனித்தவருக்கு இதில் வறட்சி தெரியாது. அவர் இன்று நீர் பாய்ச்சினார் என்பதை எவரும் பாராட்டுவதில்லை; புல் நேற்றுப்போல் இன்றும் பசுமையாக இருக்கிறது, அவ்வளவே. மே மாதத்து வெப்பக்காற்று வீசும்போது பத்து நாள் அவர் வராமல் போனால் ஊரெல்லாம் அறிந்துவிடும்.

ஹுமாயூன் சமாதிக்கு வருகிறவர்கள் பெரிய குவிமாடத்தைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தக் குவிமாடத்துக்கு ஆதாரமான கருத்து, சுற்றியுள்ள தோட்டத்தில் இருக்கிறது. நான்கு பாகமாக வகுத்து நடுவே நீரோடைகளை ஓடவிட்ட பாரசீகத் தோட்டம் சுவர்க்கத்தின் சாயல். அதன் மத்தியில் அரசனைக் கிடத்தியது, மறுமையில் அவனுக்கு வேண்டியதை இம்மையிலேயே நிர்மாணித்துக் காட்டிய விசுவாசம். 1556-இல் புராணா கிலாவின் நூலகப் படிகளில் தவறி விழுந்து இறந்த ஹுமாயூனுக்காக அவன் மனைவி ஹாஜி பேகத்தின் முயற்சியால் இது எழுந்தது. முகலாயரின் செல்வம் வற்றியபின் அந்தச் சுவர்க்கத்தில் ஜனங்கள் முட்டைக்கோஸும் புகையிலையும் பயிரிட்டார்கள். 1857-இல் கடைசிப் பாதுஷா பகதூர் ஷா இங்கேதான் புகலடைந்து பிடிபட்டார். அதற்குச் சில ஆண்டுகளில் ஓடைகள் கூடும் இடத்துக் குளங்களைத் தூர்த்து, ஆங்கிலப் பாணியில் வட்டப் பாத்திகள் போட்டார்கள். கர்சன் பிரபுவின் காலத்தில் பழைய அமைப்பை மீட்க முயன்றார்கள். 1947-இல் தேசம் பிளவுபட்டபோது வீடிழந்த ஆயிரக்கணக்கானோர் இந்தப் புல்வெளியில் கூடாரமடித்து ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். சுவர்க்கத்தின் பிரதிமையாக வகுத்த நிலம் அதன் சரித்திரத்திலேயே தன் பெயருக்கு அதிகம் தகுதி பெற்றது அந்த ஆண்டுகளில்தான் என்று நான் கருதுகிறேன். மலர்ப்பாத்திகள் மிதிபட்டதற்காக வருந்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1997 முதல் 2003 வரை ஆகா கான் அறக்கட்டளையும் தொல்லியல் துறையும் சேர்ந்து ஓடைகளைத் தோண்டி எடுத்து மீண்டும் நீரோடச் செய்தார்கள். இன்று நாம் காணுகிற தோட்டம் பதினாறாம் நூற்றாண்டுத் தோட்டமா, இருபத்தோராம் நூற்றாண்டுத் தோட்டமா? மரங்களில் எதுவும் அன்றையது இல்லை. ஓடும் நீரும் அன்றையது இல்லை. ஆயினும் இதை வேறு தோட்டம் என்று சொல்ல நா எழவில்லை.

இதற்கு அடுத்தே சுந்தர் நர்சரி இருக்கிறது. புதுடில்லிக்கு எந்தச் செடிகொடிகள் ஏற்கும் என்று சோதித்துப் பார்ப்பதற்காக ஆங்கிலேயர் வைத்த நாற்றுப்பண்ணை, நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்து, 2018-இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. முந்நூறு வகை மரங்களுக்கிடையே முகலாயர் காலத்துச் சிறு சிறு சமாதி மண்டபங்கள் தலைகாட்டுகின்றன. யாருடையவை என்று தெரியாத அவற்றின் அருகில் குடும்பங்கள் விரிப்பு விரித்து உண்ணுகின்றன. வடக்கே ஷாஜகானின் மகள் ரோஷனாராவின் பெயரால் விளங்கும் தோட்டமும், கஷ்மீர் வாயிலுக்கருகில் 1748-இல் குத்சியா பேகம் அமைத்து 1857-இல் பெரும்பகுதி நாசமான தோட்டமும் இருக்கின்றன. இவற்றைச் சரித்திரத்துக்காகப் பார்க்கப் போகிறவர்கள் ஏமாற்றமடைவார்கள். காலை நேரத்தில் மரத்தடியில் உட்காரப் போகிறவர்கள் மகிழ்வார்கள்.

லோடி தோட்டத்தைப் பற்றி மட்டும் என் மனம் ஒருமுகமாக இல்லை. 1444-இல் இறந்த முகம்மது ஷாவின் எண்கோண மண்டபமும், 1517-இல் இறந்த சிக்கந்தர் லோடியின் சமாதியும், அவற்றுக்கிடையே வளைந்து செல்லும் பாதைகளும், கிளிகள் குடியிருக்கும் குவிமாடங்களும், டில்லியில் நான் மிகவும் விரும்பும் காட்சி. ஆனால் அந்த இடத்தில் கைர்ப்பூர் என்ற கிராமம் இருந்தது. சமாதிகளின் நிழலில் மாடு கட்டி, அடுப்பு மூட்டி, தலைமுறைகளாக வாழ்ந்த அந்த ஜனங்களை அப்புறப்படுத்திவிட்டு, 1936-இல் வைஸ்ராயின் மனைவி லேடி வில்லிங்டன் பெயரால் பூங்கா திறக்கப்பட்டது. சுதந்திரத்திற்குப் பின் பெயர் மாறியது. 1968-இல் ஜோசப் ஸ்டைனும் கார்ரெட் எக்போவும் இப்போதைய வடிவைக் கொடுத்தார்கள். நினைவுச் சின்னத்தைக் காப்பதற்காக, அதை அன்றாடம் பயன்படுத்தி வந்த மனிதரை அகற்றுவது தர்மமாகுமா? குடியிருந்தவர்கள் சுவர்களைக் கரியாக்கினார்கள் என்பது மெய்யே. இறந்தவனின் வீட்டைத் துப்புரவு செய்வதற்காக உயிரோடிருப்பவனின் வீட்டைப் பெயர்ப்பதில், எத்தனை அழகு விளைந்தாலும், ஒரு கடன் மிச்சம் இருக்கிறது. வாயிலில் லோடிகளின் வமிசாவளியை எழுதுகிறவர்கள் கைர்ப்பூரின் பெயரையும் எழுதினால் அந்தக் கடனில் சிறிது தீரும். அந்தத் தோட்டத்தைப் பேணுகிறவர்களும் கூலிக்கு வேலை செய்பவர்களே, இதில் பக்தி எங்கே, கைங்கரியம் எங்கே என்று கேட்பாருக்கு ஒன்று சொல்லவேண்டும்: நம் சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில், திருநந்தவனம் பயிர் செய்வாருக்கு ஜீவிதமாக நிலம் விட்ட செய்தி எத்தனையோ முறை வருகிறது. கொடுத்த கூலி கைங்கரியத்தின் மதிப்பைக் குறைத்துவிட்டதாக நம் முன்னோர் எண்ணவில்லை. இராமாநுஜரின் வேண்டுகோளை ஏற்றுத் திருமலையில் பூந்தோட்டம் அமைக்கப்போன அனந்தாழ்வான் மண்சுமந்து ஏரி கட்டியதைச் சொல்லுகிற மரபே, பெயர் தெரியாத நந்தவனக்குடிகளின் ஜீவிதத்தையும் கல்லில் வெட்டி வைத்தது.

இந்த விசாரணைக்கு டில்லி அளிக்கும் முழு விடையை நிஜாமுதீன் தர்காவில் காணலாம். சந்துகளுக்குள் சந்தாக, ரோஜா விற்போரையும் ரொட்டி சுடுவோரையும் கடந்து போகவேண்டிய அந்த இடத்துக்கும், தெற்கே மனித நடமாட்டம் குறைந்த குன்றின்மேல் மைல்கணக்கில் மதில் ஓடும் துக்ளகாபாத் கோட்டைக்கும் ஒரு பழைய கதை முடிச்சுப் போடுகிறது. கியாசுதீன் துக்ளக் தன் கோட்டையை எழுப்பிக்கொண்டிருந்த காலத்தில் நிஜாமுதீன் அவுலியா ஒரு படிக்கிணறு வெட்ட முற்பட்டாராம். வேலையாட்கள் வேறெங்கும் போகலாகாது என்று சுல்தான் தடுத்தானாம். அவர்கள் பகலெல்லாம் கோட்டையிலும் இரவெல்லாம் கிணற்றிலும் உழைத்தார்களாம். விளக்குக்கு எண்ணெய் விற்கக்கூடாது என்று ஆணை பிறந்தபோது கிணற்று நீரே எண்ணெயாக எரிந்ததாம். வங்காளப் படையெடுப்பிலிருந்து திரும்பிவந்த சுல்தான், 1325-இல், நகரை நெருங்கிய நிலையில், வரவேற்புக்கென்று எழுப்பிய மர மண்டபம் சரிந்து மாண்டது சரித்திரம். அதே ஆண்டில் அவுலியாவும் காலமானார். சில ஆண்டுகளுக்குள் துக்ளகாபாத் வெறிச்சோடியது. அதன் கற்கள் பெரும்பாலும் அன்று வைத்த கற்களே. தர்காவிலோ, அவுலியாவின் சமாதியின்மேல் இன்று நிற்கும் மண்டபம் 16-ஆம் நூற்றாண்டினது. அதன் பின்னும் பலர் பல பகுதிகளை மாற்றியும் சேர்த்தும் வந்திருக்கிறார்கள். ஆதிக் கல் அங்கே எது என்று தேடுவது வீண். மாற்றமின்றி வந்திருப்பவை, நாளும் விரிக்கும் பூப்போர்வையும், ஏற்றும் விளக்கும், பசித்தவருக்கு இடும் உணவும், வியாழக்கிழமை மாலைகளில் எழும் கவ்வாலியும். கோட்டை தன் கற்களைக் காத்துக்கொண்டு தன்னை இழந்தது. தர்கா கற்களை இழந்து தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறது.

அவுலியாவின் சந்நிதிக்கு எதிரில், சலவைக்கல் ஜாலிகளால் சூழ்ந்த ஒரு சிறு முற்றத்தில், ஷாஜகானின் மகள் ஜகனாரா துயில்கிறாள். சாந்தினி சவுக்கை வகுத்தவள். அதையொட்டிப் பெருந்தோட்டமும் சத்திரமும் அமைத்தவள். தந்தையின் சிறைவாசத்தில் கடைசிவரை உடனிருந்தவள். அக்காலத்தில் உலகிலேயே செல்வம் மிக்க பெண்களுள் ஒருத்தி. 1681-இல் இறந்த அவள் சமாதிக்குக் கூரை இல்லை. மேற்பலகையின் நடுவே மண் நிரப்பிய பள்ளத்தில் பசும்புல் வளர்கிறது. எளியவளின் சமாதிக்குப் புல்லே போதிய போர்வை என்ற கருத்துப்பட அருகில் ஒரு சாசனம் இருக்கிறது. இதைத் துறவின் எல்லை என்று யாவரும் போற்றுகிறார்கள். அதோடு வேறொன்றும் எனக்குத் தோன்றுகிறது. சலவைக்கல் கேட்டிருந்தால் ஒருமுறை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். முந்நூறு ஆண்டு அது தானே கிடந்திருக்கும். டில்லியின் கோடையில் புல் தானே கிடக்காது. ஒரு வாரம் நீரில்லாவிட்டால் கருகிப்போகும். எதுவும் வேண்டாம் என்று சொன்ன அந்த இளவரசி, தனக்குப் பின் வருகிற ஒவ்வொரு தலைமுறையிடமும் நாள்தோறும் ஒரு குடம் நீரைக் கேட்டிருக்கிறாள். அவள் அதை எண்ணித்தான் கேட்டாளா என்பது அவளுக்கே வெளிச்சம். ஆனால் அந்தக் குடம் நீர் இன்றளவும் யாரோ ஒருவரால் வார்க்கப்பட்டு வருகிறது. உழவாரம் ஏந்தி ஊர் ஊராகச் சென்று கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிய நம் அப்பர் பெருமானின் தொண்டும், இந்தச் சமாதியின்மேல் புல்லை வாடாமல் காக்கிற தொண்டும் செய்கையில் எதிரெதிரானவை. இரண்டும் ஒரே முறையில் மனிதனைக் குனிய வைக்கின்றன.

மெஹ்ரௌலியைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க இயலாது. குதுப் மினாரை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள் அறியாத பெரிய தொல்லியல் பூங்கா ஒன்று அதன் தெற்கே காடும் பாறையுமாக விரிந்து கிடக்கிறது. பால்பனின் இடிந்த சமாதி, ஜமாலி கமாலியின் வண்ணக் கூரை, 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய படிக்கிணறு, முகலாயப் பிரபு ஒருவரின் சமாதியை மெட்கால்ப் என்ற ஆங்கிலேய அதிகாரி தம் கோடை வாசஸ்தலமாக மாற்றிக்கொண்ட வேடிக்கையான மாளிகை எல்லாம் அங்கே உண்டு. அப்பாலுள்ள ஊருக்குள், குத்புதீன் பக்தியார் காக்கியின் தர்காவை ஒட்டி, முகலாயரின் கடைசி அரண்மனையான ஜபர் மகால் சிதைந்து நிற்கிறது. அங்கே மூதாதையர் சமாதிகளுக்கிடையே பகதூர் ஷா தமக்கென்று குறித்து வைத்த இடம் வெறுமையாக இருக்கிறது. நாடு கடத்தப்பட்ட அவர் 1862-இல் ரங்கூனில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார்.

இந்த மெஹ்ரௌலியில் ஆண்டுதோறும் மழைக்காலத்தின் முடிவில் மலர் வணிகரின் விழா ஒன்று நடக்கிறது. இரண்டாம் அக்பர் ஷாவின் மகன் மிர்ஸா ஜஹாங்கீரை ஆங்கிலேயர் அலகாபாத்துக்கு நாடு கடத்தியபோது, அவன் திரும்பி வந்தால் காக்கியின் தர்காவுக்குப் பூப்போர்வை சாத்துவதாகத் தாய் நேர்ந்துகொண்டாள், மகன் வந்தான், 1812-ஐ ஒட்டி அந்த நேர்த்திக்கடன் நிறைவேறியது. பூக்காரர்கள் தங்கள் பங்காகப் பூவினால் ஒரு விசிறி கட்டிச் சேர்த்தார்கள். அதே ஊரிலுள்ள யோகமாயா தேவியின் கோயிலுக்கும் பூவிசிறி எடுத்துப் போனார்கள். அரச குடும்பத்தின் சொந்த நேர்த்தியாக ஆரம்பித்த அது, தர்காவுக்கு ஒரு நாளும் தேவிக்கு ஒரு நாளும் இரு சமயத்தாரும் சேர்ந்து விசிறி சாத்துகிற நகர விழாவாக வளர்ந்தது. பாதுஷா போனார், அரண்மனை போயிற்று, விழா தொடர்ந்தது. 1942-இல் ஆங்கிலேயர் அதை நிறுத்தினார்கள். இருபது ஆண்டுகள் விசிறி கட்டப்படவில்லை. 1960-களின் தொடக்கத்தில் நேரு அக்கறை எடுத்துக்கொண்டு மீண்டும் நடக்கச் செய்தார். அந்தத் தாயின் வமிசத்தையும் அந்த மகனின் கதையையும் அறியாத மாநிலங்களிலிருந்து, அதன் பிறகு, விசிறிகள் கட்டி அனுப்பப்பட்டு மெஹ்ரௌலியின் வீதிகளில் ஊர்வலமாக வரலாயின.